கடோத்கஜனுக்காக வெட்கப்பட வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் கைத்தறி லுங்கி வியாபாரம் செய்கிறேன். நினைவு தெரிந்த நாள் முதல் சினிமா பார்க்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த படங்களை ஒரு தாளில் எழுதினேன்: பராசக்தி, மாயாபஜார், காதலிக்க நேரமில்லை, உதிரிப்பூக்கள், காக்கா முட்டை, கைதி. சென்னையில் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன் அதைப் பார்த்துவிட்டு, “மாமா, உங்களுக்கென்று ஒரு ரசனையே கிடையாதா? உதிரிப்பூக்களை ரசித்தவர் கடோத்கஜன் லட்டு விழுங்குவதற்கு எப்படிக் கை தட்டுகிறீர்கள்? பராசக்தி வெறும் மேடை நாடகம்” என்று சொல்லிவிட்டான். யதார்த்தப் படம்தான் உயர்ந்தது என்றால் பட்டியலில் பாதியை அடிக்க வேண்டும். அடிக்கட்டுமா?

இன்னொன்று. பாட்டு இல்லாத படமே தரமான படம் என்பது என் முடிவு. ‘அந்த நாள்’ படம் அதற்குச் சாட்சி. இதிலாவது நான் சொல்வது சரிதானே?

இப்படிக்கு,
ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

ஒன்றையும் அடிக்காதீர்கள். உங்கள் பட்டியலில் மூன்று படங்களில் மறக்க முடியாத சாப்பாட்டுக் காட்சி இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1957இல் வந்த மாயாபஜாரில், கல்யாணப் பந்திக்குச் செய்து வைத்ததையெல்லாம் கடோத்கஜனாக வரும் எஸ்.வி. ரங்காராவ் ஒற்றை ஆளாகத் தின்று தீர்க்கிறார். திருச்சி லோகநாதன் குரலில் ‘கல்யாண சமையல் சாதம்’ ஒலிக்க, லட்டுகள் தாமாகவே எழும்பி அவர் வாய்க்குள் போகின்றன. கணினி வரைகலை இல்லாத காலத்தில் மார்க்கஸ் பார்ட்லியின் கேமரா செய்த வித்தை அது. ஆனால் வித்தையை மட்டும் நம்பியிருந்தால் அந்தக் காட்சி எப்போதோ பழசாகியிருக்கும். ரங்காராவின் முகத்தைப் பாருங்கள். உருவம் அரக்கனுடையது, அதில் தெரியும் ஆசையோ பலகாரத் தட்டைக் கண்ட குழந்தையின் ஆசை. வயிறு முட்டத் தின்ன வேண்டும் என்று ஒரு முறையாவது ஏங்கியவர்களுக்கு அந்த முகம் பொய்யாகத் தோன்றாது.

காக்கா முட்டையில், ரயில் பாதையோரம் நிலக்கரி பொறுக்கி விற்கும் இரண்டு சிறுவர்கள் 299 ரூபாய் பீட்சாவுக்கு ஏங்குகிறார்கள். பாட்டி தோசை மாவில் ஒரு பீட்சா செய்து பார்க்கிறாள். பையன்கள் முகம் சுளிக்கிறார்கள். கடைசியில் உண்மையான பீட்சா கிடைத்ததும் ஒரு வாய் கடித்துவிட்டு, பாட்டி சுட்டதே இதைவிட நன்றாக இருந்தது என்கிறார்கள். இங்கே ஒரே ஒரு லட்டு பறந்திருந்தால் படம் அங்கேயே செத்திருக்கும். 299 என்ற எண் அத்தனை கறாராக நிற்பதால்தான் அந்த ஏக்கத்தை நாம் நம்புகிறோம்.

கைதியில் பத்து வருடச் சிறைக்குப் பின் வெளியே வந்த நாயகன் டில்லி பிரியாணி சாப்பிடுகிறான். ஆம்பூருக்குப் பக்கத்தில் வாழும் நமக்குப் பிரியாணி சாப்பிடுகிறவரைப் பார்த்த மாத்திரத்தில் எடை போடத் தெரியும். அந்தக் கை போகிற வேகமே பத்து வருடச் சிறைச் சோற்றைச் சொல்லிவிடுகிறது.

மூன்று படங்களும் பசியைப் பற்றிப் பேசுகின்றன. மூன்றும் உண்மையே சொல்கின்றன. ஒரு படம் தனக்கென்று ஒரு விதியை வகுத்துக்கொள்கிறது. அதற்கு அது கடைசிவரை நேர்மையாக இருக்கிறதா என்றுதான் நான் பார்க்கிறேன். உங்கள் மருமகன் ஒரு படத்தின் விதியைக் கொண்டுபோய் இன்னொரு படத்தைத் தண்டிக்கிறார்.

பராசக்தி விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. சிவாஜி கணேசன் என்ற நடிகரைத் தமிழ்நாட்டுக்குத் தந்ததில் நம் வேலூருக்குப் பங்கு உண்டு. படத்தைத் தயாரித்த பெருமாள் முதலியார் வேலூர்க்காரர். புதுமுகத்தை மாற்றிவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது அவர் அசைந்துகொடுக்கவில்லை. பிற்காலத்தில் சிவாஜி பொங்கல்தோறும் வேலூருக்கு வந்து அவரைப் பார்த்து மரியாதை செய்தது இந்த நன்றிக்காகத்தான்.

அந்தப் படத்தின் நீதிமன்றக் காட்சியில் சிவாஜியின் குணசேகரன் நீதிபதியிடம் பேசுவதாகப் பெயர். உண்மையில் நம்மிடம்தான் பேசுகிறான். இது வட ஆற்காட்டுக்காரனுக்குப் புதிதா? நம் கூத்தில் இரண்டு பேர் பிடித்திருக்கும் துணித்திரைக்குப் பின்னால் நின்று பாடிவிட்டு, திரையை விலக்கி முன்னே வரும் துரியோதனன், தான் யார் என்பதைத் தானே சபைக்கு அறிவிக்கிறான். யாரும் எழுந்து, நிஜத்தில் மனிதர்கள் இப்படிப் பேசுவதில்லை என்று சொல்வதில்லை. விடிய விடிய உட்கார்ந்து பார்த்து, துரியோதனன் வீழும் படுகளத்தன்று அழுதுவிட்டுத்தான் வீடு திரும்புகிறோம். மாயாபஜார் கதையே இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ‘அபிமன்னன் சுந்தரி மாலை’ என்ற பெயரில் முன்பே பழக்கமானதுதானே. சித்திரை, வைகாசியில் மருமகன் ஊருக்கு வந்தால் ஏதாவதொரு திரௌபதி அம்மன் திருவிழாவில் கொண்டுபோய் உட்கார வையுங்கள்.

காதலிக்க நேரமில்லை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒன்று மட்டும்: நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியை இன்னொரு முறை பார்க்கும்போது நாகேஷை விட்டுவிட்டு டி.எஸ். பாலையாவின் முகத்தை மட்டும் பாருங்கள். சிரிப்பு கதை சொல்பவரிடம் இல்லை, கேட்பவரிடம் இருக்கிறது.

பாட்டு விஷயத்தில் நான் உங்களோடு சேர முடியாது. உங்கள் பட்டியலிலேயே உதிரிப்பூக்கள் இருக்கிறது. அதில் ‘அழகிய கண்ணே’யை வெட்டி எறிந்துவிட்டால் என்ன மிஞ்சும்? கணவனின் கொடுமைக்கு நடுவே அந்தத் தாய் தன் குழந்தைகளோடு வாழ்ந்த ஒரே சந்தோஷம் அந்தப் பாட்டுக்குள்தான் இருக்கிறது. ஜானகியின் குரலில் அதைக் கேட்டிருப்பதால்தான், முடிவில் ஆற்றங்கரையில் நிற்கும் அந்தக் குழந்தைகள் எதை இழந்துவிட்டார்கள் என்பது நமக்கு உறைக்கிறது. இயக்குநர் மகேந்திரன் அதை வசனத்தில் சொல்லவில்லை, இளையராஜாவிடம் ஒப்படைத்துவிட்டார்.

அந்த நாள் வேறு ஜாதி. 1954இல் எஸ். பாலசந்தர் எடுத்தது. இரண்டே ஆண்டுகளுக்கு முன் பராசக்தியால் ஊரே கொண்டாடிய நாயகனைத் தொடக்கத்திலேயே சுட்டுச் சாய்த்துவிட்டு, கொன்றது யார் என்று ஒவ்வொருவர் வாயாலும் கதையை விசாரிக்கும் படம். சந்தேகம் ஒரு நிமிடம்கூடத் தளரக் கூடாது. பாட்டு வந்தால் தளரும். அதனால் அங்கே பாட்டு இல்லை. பாட்டு கெட்டது என்பதற்காக அல்ல.

பாட்டு இல்லாத பெருமையை ஒதுக்கிவைத்துவிட்டு, பண்டரிபாய்க்காக அந்தப் படத்தை இன்னொரு முறை பாருங்கள். 1943இல் சென்னை மீது ஜப்பான் விமானம் குண்டு வீசிய சமயத்தில் நடக்கும் கதை. நாட்டைக் காட்டிக்கொடுப்பவன் தன் கணவனே என்று தெரிந்த பெண் அவள். அவள் எடுக்கும் முடிவு சரியா என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். மருமகனையும் எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்