பல் வலியைப் பெருநாள் வரைக்கும் பொறுக்கலாமா?

கேள்வி: வயது 43, நிந்தவூரில் ஆசிரியையாக இருக்கிறேன். நோன்பு தொடங்கி ஒரு கிழமைக்குள் வாய் காய்ந்து வாடை வீசுகிறது. பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்று பேசவே கூச்சம். மிஸ்வாக் குச்சியால் பல் தேய்க்கும்போது முரசில் (ஈறில்) இரத்தமும் வருகிறது. அது தொண்டைக்குள் போய் நோன்பு முறிந்துவிடுமோ என்ற பயத்தில் பல் தீட்டுவதைக் குறைத்துவிட்டேன். ளுஹர் என்ற நடுப்பகல் தொழுகைக்குப் பிறகு மிஸ்வாக் செய்யக்கூடாது என்று உம்மாவும் சொல்கிறார். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று இரவில் தூங்கவிடாமல் வலிக்கிறது. பெருநாள் முடிந்து வந்து காட்டினால் போதுமா?

பதில்: போதாது, சகோதரி. முதலில் அந்தப் பல்லைப் பற்றிப் பேசிவிடுவோம். பல் வலித்துத் தூக்கம் கலைகிறது என்றால், சொத்தை பெரும்பாலும் பல்லின் நரம்பு வரைக்கும் போயிருக்கும். சில நாளில் வலி தானாக நின்றுவிடவும் கூடும். நின்றால் சுகமாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். நரம்பு செத்தபிறகு சீழ் வேரடியில் சத்தமில்லாமல் சேரும். கன்னம் அல்லது தாடைக்குக் கீழே வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமானாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த நிலையில் நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. விட்ட நோன்பைப் பிறகு வேறொரு நாளில் பிடித்துக் களாச் செய்யலாம்.

அப்படி அவசரம் இல்லையென்றால் காலையில் போய்க் காட்டுங்கள். விடியுமுன் சஹர் சாப்பிட்டுச் சில மணித்தியாலம்தான் ஆகியிருக்கும், உடம்பில் தெம்பு இருக்கும். அரசாங்க ஆஸ்பத்திரிகளின் பல் கிளினிக்குகளும் காலையில் நடக்கின்றன. பல் பிடுங்குவது, துளைத்து அடைப்பது, சுத்தம் செய்வது எல்லாம், எதையும் விழுங்காமல் பார்த்துக்கொண்டால், நோன்பை முறிக்காது என்று சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகடமி 1997இல் ஜித்தாவில் முடிவு சொல்லியிருக்கிறது. மனத்தில் சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் உலமாக்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. பல் பிடுங்கினால் வாயில் இரத்தம் கசியும், வலி மருந்தும் தேவைப்படும். அதனால் பிடுங்குவதை மட்டும் நோன்பு துறந்த பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று டொக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

மருந்தில் ஒரு கவனம் தேவை. 8 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்று தந்த அன்டிபயோட்டிக்கை நீங்களாகவே சஹருக்கு ஒன்று, நோன்பு துறந்ததும் இரண்டு என்று மாற்றாதீர்கள். நோன்பாளி என்று முதலிலேயே சொன்னால், இரண்டு வேளைக்குப் பொருந்தும் மருந்து இருக்கிறதா என்று டொக்டர் பார்ப்பார்.

இனி இரத்தம். நீங்கள் பயந்து பல் தீட்டுவதைக் குறைத்ததுதான் எனக்கு அதிகக் கவலை. முரசில் இரத்தம் வருவது நோன்பினால் அல்ல. பல்லும் முரசும் சேரும் ஓரத்தில் படிந்த அழுக்கும், அது இறுகிக் கல்லான காரையும்தான் காரணம். அங்கே பிரஷ் படாமல் விட்டால் வீக்கம் கூடும், இரத்தமும் கூடும். மெதுவான பிரஷ்ஷால் முரசோரமாக ஒழுங்காகத் தீட்டி வந்தால் ஒன்றிரண்டு கிழமையில் இரத்தம் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள். காரை இருந்தால் அது பிரஷ்ஷுக்கு அசையாது, கிளினிக்கில்தான் எடுக்க வேண்டும்.

மிஸ்வாக் நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் பலரும் முன்பல்லை மட்டும் குறுக்காக அழுத்தித் தேய்க்கிறார்கள். முரசு இறங்கிப் பல்லின் வேர் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். கடைவாய்க்கும் பல்லின் உட்பக்கத்துக்கும் குச்சி சரியாகப் போவதில்லை, ஆகவே புளோரைட் உள்ள பற்பசையும் பிரஷ்ஷும் கட்டாயம் வேண்டும். சஹர் சாப்பிட்டு, சுபஹ் பாங்குக்கு முன் இரண்டு நிமிடம் தீட்டுங்கள். அன்றைய பகல் முழுவதற்கும் உங்கள் வாயைக் காப்பது அதுதான். நாக்கின் பின்பகுதியையும் வழியுங்கள். இரவு படுக்கப் போகும்போது இன்னொரு தடவை. சஹருக்குச் சாப்பிட்டவுடனே திரும்பப் படுத்துவிடுகிற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறதே, பல்லுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும், சோறும் சீனியும் பல்லிலேயே கிடக்கும்.

உம்மா சொல்வதற்கு ஆதாரம் உண்டு. நம் பகுதியில் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபில் (மார்க்கச் சட்ட வழியில்), நோன்பாளி நடுப்பகலுக்குப் பிறகு மிஸ்வாக் செய்வது மக்ரூஹ், அதாவது விரும்பத்தகாதது. அதை மீறச் சொல்ல மாட்டேன், மீறத் தேவையும் இல்லை. தொழுகைக்கு முன் செய்யும் வுழூவில் வாய் கொப்பளிப்பது எப்படியும் இருக்கிறது. 13 மணித்தியாலத்துக்கு மேல் தண்ணீரும் மெல்லுவதும் இல்லாததால் உமிழ்நீர் வற்றுகிறது, நாக்கில் உள்ள கிருமிகள் கந்தக வாயுக்களை உண்டாக்குகின்றன. வாடை வருவது அதனால்தான். நோன்பாளியின் வாய் வாடை அல்லாஹ்விடம் கஸ்தூரியைவிட மணமானது என்று ஹதீஸ் இருக்க, அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் முரசு நோயிலிருந்து வரும் வாடை வேறு. அது பெருநாள் போனாலும் போகாது, மருத்துவம்தான் வேண்டும்.

வாய் வறட்சிக்கு, நோன்பு துறந்ததிலிருந்து சஹர் வரைக்கும் தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடியுங்கள். பேரீச்சம்பழமும் கஞ்சியும் பயப்பட வேண்டியவை அல்ல, சாப்பிட்டதும் கொப்பளித்தால் சரி. சர்பத்தையும் சீனி போட்ட தேத்தண்ணியையும் தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்தும் இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவதுதான் கெடுக்கிறது. ஒவ்வொரு வாய்க்கும் கிருமிகள் அமிலம் விடும், அது தணிய அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். இனிப்பை நோன்பு துறக்கும் நேரத்தோடு முடித்துவிடுங்கள். தேசிக்காய்ச் சாறு குடித்தால் உடனே தீட்டாமல் அரை மணித்தியாலம் பொறுங்கள்.

வீட்டில் யாராவது நோன்பு துறந்ததும் வெற்றிலை போடுகிறார்களா? பகல் முழுக்க விட்டவர்களால் இரவிலும் விட முடியும். புகையிலை சேர்க்காத பாக்கே புற்றுநோயை உண்டாக்கும். 3 கிழமையாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்க இறுக்கம் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

கடைசியாக, உங்கள் வயதில் முரசு இரத்தமும் வாய் வறட்சியும் சேர்ந்து வந்தால் நீரிழிவையும் நினைக்க வேண்டும். முரசு நோய் சீனியைக் கூட்டும், சீனி முரசைக் கெடுக்கும். இந்தக் கிழமையே இரத்தத்தில் சீனியைச் சோதித்து, அந்த முடிவுத் துண்டையும் பல் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். சீனி அதிகமாக இருந்தால், மிச்ச நோன்பை எப்படிப் பிடிப்பது என்று உங்கள் குடும்ப வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடருங்கள்.