லாண்ட் மாஸ்டரை விற்க வேண்டாம்

கேள்வி: இரவில் மாட்டுக்கு விலகப்போய் என் கணவர் மோட்டார் சைக்கிளோடு விழுந்துவிட்டார். முழங்காலின் பின்பக்கச் சவ்வு (எலும்புகளை இணைக்கும் நார்) எலும்புத் துண்டோடு பிய்ந்திருக்கிறது, திருகாணி வைத்துப் பொருத்த வேண்டும் என்கிறார்கள். எங்கள் இருசக்கர உழவு இயந்திரமான லாண்ட் மாஸ்டரை விற்றுக் கொழும்பில் தனியாரிடம் செய்யச் சொல்கிறார் மைத்துனர். வங்கியில் 4 இலட்சம் நிலையான வைப்பும், 6 பவுண் நகையும் உண்டு. என்ன செய்யலாம்?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: சகோதரி, பெரும்போக உழவு நெருங்கும்போது லாண்ட் மாஸ்டரை விற்பது கையை வெட்டிக் காலுக்கு வைத்தியம் பார்ப்பதாகும். அவசரத்தில் விற்பவருக்கு அடிமாட்டு விலைதான் கிடைக்கும்.

இந்தச் சத்திரசிகிச்சை அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் எலும்பு முறிவுப் பிரிவு இருக்கிறது. எப்போதாவது திருகாணியையோ முழங்கால் பட்டியையோ வெளியே வாங்கச் சொல்லலாம். அதற்கு ஒரு தொகையைத் தனியே வையுங்கள்.

ஆனால் இலவசம் என்பதற்காகத் திகதியை இழுபட விடாதீர்கள். நிபுணரிடம் இரண்டு விடயங்களைக் கேளுங்கள். எலும்புத் துண்டு இடம் விலகியிருக்கிறதா? திகதி எப்போது? விலகாவிட்டால் சில வேளை கட்டுப்போட்டே ஆற்றிவிடுவார்கள். விலகியிருந்தால் முதல் இரண்டு, மூன்று வாரங்களுக்குள் பொருத்துவது நல்லது. நாள் போனால் துண்டைப் பழைய இடத்தில் இருத்துவது கடினம். பிறகு புதுச் சவ்வே வைக்க நேரலாம், அது பெரிய செலவு. அரசாங்கத் திகதி அதையும் தாண்டிப் போனால் மட்டுமே தனியாரை யோசியுங்கள். அப்போதும் திருகாணி, மயக்க மருந்து நிபுணர், அறை வாடகை எல்லாவற்றையும் பிரித்து எழுதிய மதிப்பீட்டைக் கையில் வாங்காமல் முற்பணம் கட்ட வேண்டாம்.

பணம் தேவைப்பட்டால் வைப்பை முறிக்காதீர்கள், வட்டி குறைந்துவிடும். அதே வங்கியில் வைப்பின் மீது கடன் எடுக்கலாம். அது போதாவிட்டால் நகையை வங்கியில் அடகு வையுங்கள். வாராவாரம் வாசலுக்கு வரும் நுண்கடன்காரரை மட்டும் அண்டவிடாதீர்கள். வன்னிப் பெண்கள் அதில் பட்ட பாடு போதும். 2018இல் அரசாங்கமே தலையிட்டுக் கடன் தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று.

தானாக விழுந்தவருக்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதி உதவாது. முழுக் காப்புறுதி என்றால் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், ஓட்டுநருக்கான விபத்துக் காப்பும் அதில் இருக்கலாம். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு இப்போது பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். எல்லாச் சிகிச்சைக்கும் அது கிடைக்காது; ஆகவே சத்திரசிகிச்சைக்கு முன்பே விசாரியுங்கள்.

உண்மையான செலவு வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்கும். சில வாரங்கள் ஊன்றுகோல், அதன்பின் மாதக்கணக்கில் பிசியோதெரப்பி. மாங்குளம் வழியாக யாழ்ப்பாணம் போய்வரும் பஸ் காசு, துணைக்குப் போகும் உங்கள் நாட்கூலி எல்லாம் கணக்கில் சேரும். இந்தப் போகத்தில் அவர் சேற்றில் இறங்க முடியாது. வயலைக் குத்தகைக்குக் கொடுங்கள். லாண்ட் மாஸ்டரை நம்பிக்கையான ஓட்டுநர் ஒருவரிடம் விட்டு, ஏக்கர் கணக்கில் கூலிக்கு உழச் செய்யுங்கள். டீசல் காசு யாருடையது என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.