ஆடியிலும் பட்டறை அடுப்பு எரிய

கேள்வி: நாகர்கோவில் வடசேரியில் பரம்பரையாகக் கோயில் நகை செய்கிறோம், பரதநாட்டியக் கலைஞர்கள் அணிவது. புரட்டாசி முதல் மார்கழி வரை ராப்பகலாக வேலை. ஆனி, ஆடியில் பட்டறை காலி. வீட்டுச் செலவுக்கே வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கிறது. கடைக்காரர்களும் பணத்தை இழுத்தடிக்கிறார்கள். மாதாமாதம் சீராக வருமானம் வர வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் புது ஆர்டர் தேடுவதற்கு முன், கைக்கு வரும் பணத்தில் உங்கள் பணம் எது என்று பிரித்தாக வேண்டும். ஒருவர் தந்த முன்பணம் வீட்டுக்குச் செலவாகிறது. அவருக்கான வெள்ளியை அடுத்தவர் தரும் முன்பணத்தில் வாங்குகிறீர்கள். இடையில் வெள்ளி விலை ஏறினால் அந்த வித்தியாசம் உங்கள் கூலியைத் தின்கிறது. சீசன் முடிந்து முன்பணம் வருவது நின்றதும், கடைசியாக ஒப்புக்கொண்ட வேலைக்கு வெள்ளி வாங்கக் காசு இருக்காது. வட்டிக்கடை வாசல் அங்கேதான் தொடங்குகிறது.

ஆகவே இரண்டு வங்கிக் கணக்கு வேண்டும். ஒன்று சரக்குக்கு: வெள்ளி, தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு), கெம்புக் கல் (சிவப்புக் கல்), முத்து, அரக்கு. மற்றது கூலிக்கு. முன்பணமாகச் சரக்கு முழுவதற்கும் கூலியில் மூன்றில் ஒரு பங்குக்கும் வாங்குங்கள். வந்த அன்றே அந்த வேலைக்கான வெள்ளியை வாங்கிவிடுங்கள். சொன்ன விலை எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். மூன்று நாள் போதும்.

அடுத்தது கூலி. பலர் இங்கேதான் தவறுகிறார்கள்: வேலை நிறைந்த மாதத்தை வைத்து நாள் கூலி போடுகிறார்கள். ஒரு உதாரணம் பார்ப்போம். வீட்டுக்கு மாதம் 24,000, பட்டறைச் செலவு 6,000 என்றால் ஆண்டுக்கு 3,60,000 ரூபாய். ஆண்டில் உண்மையில் நகை வேலை செய்த நாட்களை எண்ணுங்கள். சந்தைக்கு அலைந்ததும் சும்மா இருந்ததும் சேராது. அது 180 நாள் என்றால் நாள் கூலி 2,000. சூரியன், சந்திரன், நெற்றிச்சுட்டி அடங்கிய தலைசாமானுக்கு நான்கு நாள் பிடித்தால் கூலி மட்டும் 8,000. அவ்வளவு கேட்டால் வாங்குபவர் திரும்பிப் போவார் என்று பயப்படுகிறீர்கள் அல்லவா? வேலை நாளை 240 ஆக்கினால் அதே வருமானத்துக்கு 1,500 போதும், தலைசாமான் 6,000க்கு இறங்கும். ஆகவே ஆடியில் கிடைக்கும் சிறு வேலையும் மார்கழி விலையைத் தாங்கிப் பிடிக்கும்.

அந்தச் சிறு வேலை பழுது பார்ப்பதுதான். இதைத் தரக்குறைவாக நினைக்காதீர்கள். வடசேரிக் கையைத் தவிர வேறு கை இதைச் சரியாகச் செய்யாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்தால் அரக்கு இளகிக் கல் ஆடும். வியர்வையும் வாசனைத் திரவியமும் படிந்து மினுமினுப்பு மங்கும். மாட்டலின் முத்துச்சரத்தில் நூல் இற்றுப்போகும். ஆடும் கல்லை உடனே இறுக்கினால் அரை மணி நேர வேலை. மேடையில் விழுந்து தொலைந்துவிட்டால் அதே நிறத்திலும் வெட்டிலும் கல் தேடியே ஒரு நாள் போய்விடும். நாட்டியப் பள்ளிகளுக்கு இந்தக் காரணத்தைச் சொல்லியே ஆண்டுப் பராமரிப்பைப் பேசுங்கள். செட்டுக்கு ஆண்டுக்கு 1,200 என்று 40 செட் பிடித்தால் 48,000. அது உங்கள் வீட்டுக்கு இரண்டு மாதச் செலவு. நாகர்கோவில், மார்த்தாண்டத்தோடு நிற்காமல் திருவனந்தபுரத்துக்கும் போங்கள். கேரளப் பள்ளிக் கலைவிழாப் போட்டிகள் படிப்படியாக நடந்து ஆண்டு முடிவை ஒட்டி மாநில அளவுக்குப் போகும். அதற்கு முன் நகை அவர்கள் கையில் இருக்க வேண்டும். ஆடியில் பழுதுக்கு வாங்கி ஆவணிக்குள் கொடுங்கள். வாங்கும்போது புகைப்படம் எடுத்து, இல்லாத கற்களை எண்ணி எழுதிக் கையெழுத்து பெறுங்கள். பின்னால் வரும் சண்டைகள் பெரும்பாலும் இந்தக் கல் கணக்கில்தான்.

வாடகைக்கு விடுவதில் அவசரம் வேண்டாம். 30,000 முதல் போட்ட செட்டை 1,500க்கு விட்டால் 20 நிகழ்ச்சிக்குப் பிறகுதான் போட்ட பணம் திரும்பும், பழுதுச் செலவு தனி. ஆண்டுக்குப் பத்து நிகழ்ச்சி உறுதியாகத் தெரிந்தால் ஒரு செட் மட்டும் வையுங்கள்.

வேலை குறைந்த மாதத்தில் கையிருப்புக்குச் செய்வதானால் ஜிமிக்கி, மாட்டல், ராக்கொடி. ஒட்டியாணம் வேண்டாம்; இடுப்பளவு ஆளுக்கு ஆள் மாறும், வெள்ளி முடங்கும். செம்பில் முலாம் பூசியதை விற்றால் பில்லில் அப்படியே எழுதுங்கள். நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு, இருக்கிறது. ஆனாலும் அதைப் பயன்படுத்த, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகச் சென்னைப் பதிவகத்தில் தனியே பதிய வேண்டும்.

கூலிக் கணக்கிலிருந்து ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி 24,000 மட்டும் வீட்டுக்கு எடுங்கள், மார்கழியிலும் அதே தொகைதான். மிச்சம் 72,000 சேரும்வரை தொடாதீர்கள்; அது மூன்று மாதச் சம்பளம். முதல் ஆண்டில் அவ்வளவு சேராமல் போகலாம், பரவாயில்லை.

கருவி வாங்கக் கடன் வேண்டுமானால் மாவட்டத் தொழில் மையத்தில் கலைஞர் கைவினைத் திட்டம் பற்றிக் கேளுங்கள். 2025இல் தொடங்கியது, 35 வயது நிரம்பியவர்களுக்கு 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், உச்சம் 50,000. இந்தப் பணம் வீட்டுச் செலவுக்குப் போகக் கூடாது.

கடைக்காரர் பணத்தை இழுத்தடிக்கும் விஷயத்துக்கு, மத்திய அரசின் சிறுதொழில் பதிவான உத்யம் உதவும். கட்டணம் இல்லை. பதிந்த குறுந்தொழிலுக்கு, எழுத்து ஒப்பந்தம் இல்லையேல் 15 நாளிலும், இருந்தால் அதில் சொன்ன தேதியிலும் பணம் தர வேண்டும். அந்தத் தேதியும் 45 நாளைத் தாண்டக் கூடாது என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி. நகையைக் கொடுக்கும்போதே எடை, கூலி, தேதி எழுதிய சீட்டில் கடையின் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். அந்தச் சீட்டு இல்லாமல் எத்தனை நாள் ஆயிற்று என்பதை எங்கேயும் நிரூபிக்க முடியாது.