வாசகர் கேள்வி – பதில்: பழைய டோப்போ ஷீட்டில் ஊரைத் தேடுவது எப்படி?

எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு கண்மாய் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இன்று அது வெறும் பொட்டல். பழைய வரைபடத்தில் அதைக் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், மானாமதுரை

முடியும். சர்வே ஆஃப் இந்தியாவின் (மத்திய அரசின் நில அளவைத் துறை) ஓர் அங்குல டோப்போ ஷீட்டை, அதாவது நிலத்தின் மேடுபள்ளம், நீர்நிலை, ஊர்களைக் காட்டும் வரைபடத் தாளைத் தேடுங்கள். தாளில் ஓர் அங்குலம் தரையில் ஒரு மைல், அதாவது 1:63,360. ஒரு தாள் 15 நிமிட அட்சரேகை, 15 நிமிட தீர்க்கரேகைப் பரப்பைக் காட்டும். நம் பக்கத்தில் அது ஏறக்குறைய 27 கி.மீ. சதுரம். மானாமதுரைக்கு உரிய தாளின் எண் 58 கே/6. ஊர் தாளின் கிழக்கு ஓரத்தில் விழுவதால், ஆற்றின் கீழ்ப்பக்க ஊர்களுக்கு 58 கே/10 தாளும் தேவைப்படும்.

தாள் கைக்கு வந்ததும் ஊரைத் தேடாமல் ஓரக்குறிப்பை முதலில் படியுங்கள். அளந்த ஆண்டு வேறு, அச்சிட்ட ஆண்டு வேறு. மறுபதிப்பில் ரயில் பாதை, சாலைகளை மட்டும் புதிதாகச் சேர்த்துவிட்டு, கண்மாய்களைப் பழைய அளவைப்படியே விட்டிருப்பார்கள். அச்சு ஆண்டை நம்பி "அந்த வருஷம்வரை கண்மாய் இருந்தது" என்று எழுதிவிடுவதுதான் பலருக்கும் நேரும் பிழை. தாள் சாட்சி சொல்வது அளந்த ஆண்டுக்கு மட்டுமே.

அடுத்து கரை. சமவெளியில் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) அரிது. ஓர் அங்குலத் தாளில் அவை பெரும்பாலும் 50 அடி இடைவெளியில்தான் வரும். ஆகவே சரிவைக் கரையின் வளைவிலிருந்தே படிக்க வேண்டும். கரை இருப்பது தாழ்ந்த பக்கம், திறந்த பக்கம் மேடு. கரையோரம் 6ஆர் (6r) போல எழுதியிருந்தால் அது கரையின் உயரம். பழைய தாள்களில் அடியிலும் மெட்ரிக் தாள்களில் மீட்டரிலும் இருக்கும். உட்புறம் நீல நிறம் இல்லையென்றால் கண்மாய் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். மழைக்கு மட்டும் நிறைபவற்றை அப்படித்தான் வரைவார்கள்.

பிறகு களத்துக்குப் போங்கள். நீண்டு வளைந்த மேடு, வரிசைப் பனைகள், மடைக்கல், கரையிலிருந்த அய்யனார் கோயில், கரம்பை மண் ஆகியவற்றில் இரண்டு மூன்று ஒரே கோட்டில் அமைந்தால் இடம் சரி. அதன் புல எண்ணை (சர்வே எண்) அ-பதிவேட்டிலும் (கிராம நிலப் பதிவேடு) புலப்படத்திலும் (அந்தப் புலத்தின் அளவை வரைபடம்) பாருங்கள். சிவகங்கை ஜமீன் பகுதியில் ரயத்துவாரி (உழவரிடம் அரசே நேரடியாக வரி வாங்கும் முறை) ஆவணங்கள் பெரும்பாலும் 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிந்தியவை. டோப்போ ஷீட் அவற்றைவிடப் பழையதாக இருக்கக்கூடும். அதனால்தான் உங்கள் ஊருக்கு அது இத்தனை முக்கியம்.

ஸ்கேன் செய்த தாளைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்தால் கோயில் வயலுக்குள் போய் விழுகிறது. ஏன்?
– வாசகி, திருச்சி

பழைய தாள் எவரெஸ்ட் நீள்கோளத்தை (பூமியின் வடிவத்துக்கான பழைய கணித மாதிரி) அடிப்படையாகக் கொண்டது. இன்றைய படம் டபிள்யூஜிஎஸ் 84 என்ற புதிய மாதிரியைச் சேர்ந்தது. இந்த வேறுபாடு மட்டுமே தென்னிந்தியாவில் நூறு, இருநூறு மீட்டர் தள்ளிவிடும். க்யூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் தாளின் மூலைக் கட்டங்களைக் குறிக்கும்போது, எவரெஸ்ட் நீள்கோளம் சார்ந்த கல்யாண்பூர் 1975 அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். மூலை நான்கோடு நிறுத்தாமல் பழைய கோயில், ரயில்வே கேட், பாறைக்குன்றின் முக்கோண அளவைப் புள்ளி எனக் கூடுதலாக நாலைந்து இடங்களை வையுங்கள். புதுச்சாலைச் சந்திப்பு வேண்டாம், அது இடம் மாறியிருக்கும். கைபேசியில் எடுத்த படமும் உதவாது. மடிப்பும் சாய்வும் தாளை இழுத்துவிடும். தட்டை ஸ்கேனரில் 300 டிபிஐ போதும்.

மிகப் பழைய தாள்களில் தீர்க்கரேகைத் திருத்தம் என்று ஓரத்தில் குறித்திருப்பார்கள். அதைச் சேர்க்க மறந்தால், திருத்தத்தின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 1.8 கி.மீ. வீதம் ஊரே நகர்ந்துவிடும்.

பழைய தாள்கள் எங்கே கிடைக்கும்?
– வாசகர், தேனி

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் விசாரியுங்கள். அமெரிக்க இராணுவ வரைபடச் சேவையின் யூ502 வரிசை (1:250,000) டெக்சஸ் பல்கலைக்கழக நூலக இணையதளத்தில் இலவசம். அதில் சிறு ஊருணி தெரியாது. ஊர்ப் பெயரும் பெரிய கண்மாயும் தெரியும்.

எல்லைத் தகராறுக்கு இந்த வரைபடத்தைக் காட்டலாமா?
– வாசகர், அருப்புக்கோட்டை

வேண்டாம். ஓர் அங்குலத் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 63 மீட்டர். ஒரு கோட்டின் தடிமனுக்குள்ளேயே உங்கள் வயல் வரப்பு அடங்கிவிடும். புலப்படத்தோடு சர்வேயரிடம் போங்கள்.