வாசகர் கேள்வி: 'சிங்க்' போட்டால் இணைப்பு ஏன் அறுகிறது?

கேள்வி: பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு வீட்டு ரௌட்டராக வைத்திருக்கிறேன். தனி நிரலாக ஓடும் பிபிபிஓஇ (ஈதர்நெட் வழியே பிபிபி) கிளையன்ட், பிபிபி இணைப்பை நடத்தும் பிபிபிடி நிரலோடு சூடோடெர்மினல் (நிரல்களை இணைக்கும் மெய்நிகர் முனையம்) வழியாகப் பேசுகிறது. இரண்டிலும் 'சிங்க்' (ஒத்திசைவு முறை) என்ற விருப்பத்தைப் போட்டதும் சிபியு சுமை நன்றாகக் குறைந்தது. ஆனால் பெரிய கோப்பு இறங்கும்போது இணைப்பு அறுந்துபோகிறது. 'சிங்க்'கை எடுத்துவிடவா?

பதில்: எடுத்துவிடுங்கள். இரண்டு நிரலிலும் சேர்த்தே எடுங்கள். ஒன்றில் மட்டும் எடுத்தால், பிபிபி இணைப்பைத் தொடங்கும் எல்சிபி பேச்சுவார்த்தையே முடியாது.

சூடோடெர்மினல் என்பது வெறும் பைட் ஓட்டம். இந்தப் பக்கம் இரண்டு முறை எழுதினால் அந்தப் பக்கம் இரண்டு முறை படிக்கக் கிடைக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. 'சிங்க்' போடாத அசிங்க் முறை இதை நம்பியிருப்பதில்லை. 1994இல் வந்த ஆர்எஃப்சி 1662 என்ற இணையத் தர ஆவணத்தின்படி ஒவ்வொரு ஃப்ரேமின் (தரவுப் பொதியின்) எல்லையிலும் 126 என்ற பைட் நிற்கும். தரவுக்குள்ளேயே 126 வந்தால் 125, 94 என்று இரண்டு பைட்டாகப் போகும்; 125 வந்தால் 125, 93. எத்தனை ஃப்ரேம் ஒட்டி வந்தாலும் பிரித்துவிடலாம். சிபியு வேலை இந்தப் பைட் பைட்டான மாற்றத்தில்தான் போகிறது.

சிங்க் முறையில் இந்த எல்லைக்குறி கிடையாது. 'ஒரு ரீட், ஒரு ஃப்ரேம்' என்பது மட்டுமே கணக்கு. கிளையன்ட் படிக்கச் சற்றுத் தாமதித்தால் இரண்டு ஃப்ரேம் ஒட்டிக்கொள்ளும்.

நான் இதைக் கண்ணால் பார்த்தது ஒரு பிபிடிபி (பிபிபியைப் பயன்படுத்தும் விபிஎன்) இணைப்பில். இரண்டு இரவு எம்டியுவை (ஒரு பொதியின் உச்ச அளவை) குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஸ்ட்ரேஸ் (நிரல் இயங்குதளத்திடம் விடுக்கும் அழைப்புகளைக் காட்டும் கருவி) போட்டால், ஒரே ரீட்டில் 112 பைட். தொடக்கத்தில் ஐபி தரவு கொண்ட பிபிபி ஃப்ரேமின் தலைப்பான 255, 3, 0, 33; 57ஆவது பைட்டில் மறுபடியும் அதே 255, 3, 0, 33. 'தரவு வந்து சேர்ந்தது' என்று சொல்லும் 56 பைட் டிசிபி ஒப்புகைகள் இரண்டு ஒட்டியிருந்தன. பெறுகிற பக்கம் ஐபி தலைப்பில் உள்ள நீளத்தைப் பார்த்து முதலாவதை எடுத்துக்கொண்டது. இரண்டாவது தொலைந்தது.

பெரிய கோப்பு இறங்கும்போது நீங்கள் அனுப்புவது பெரும்பாலும் இந்தக் குட்டி ஒப்புகைகள்தான். அவற்றில் ஒன்றின் வாலில் எல்சிபி எக்கோ பதில் ('இணைப்பு உயிரோடு இருக்கிறதா' என்ற கேள்விக்கான பதில்) ஒட்டிக்கொண்டால் அதுவும் தொலையும். தொடர்ந்து சில பதில்கள் வராவிட்டால் எதிர்முனை இணைப்பைத் துண்டித்துவிடும். உங்களுக்கு நடப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, சுமைக்கு என்ன செய்வது? 32க்குக் கீழே உள்ள கட்டுப்பாட்டு பைட்டுகளையும் மாற்றிக்கொண்டிருந்தால், அவற்றில் எவற்றை மாற்றுவது என்று சொல்லும் ஏசிசிஎம் மதிப்பைப் பூஜ்யமாக்குங்கள். மறைகுறியாக்கிய தரவில் 256க்கு 34 பைட் இரட்டிப்பது 2 ஆகக் குறையும். ஆனால் உங்களுக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது. லினக்ஸ் 2.4இலிருந்து கெர்னலுக்குள்ளேயே (இயங்குதளத்தின் மையத்திலேயே) பிபிபிஓஇ உண்டு. பிபிபிடியில் அதற்கான ப்ளகினைப் போட்டால் சூடோடெர்மினலே தேவையில்லை. ஒட்டுவதற்கும் இடமில்லை, பைட் மாற்றமும் இல்லை. எம்டியு 1492 இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.