சாகேயை வெளிநாட்டில் விற்கும் தொழில்: கேள்வி பதில்

கேள்வி: ஜப்பானிய அரிசிச் சாராயமான சாகேயை வெளிநாடுகளில் அறிமுகப்படுத்தும் வேலைக்கு வர ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: "சாராயம்" என்ற சொல்லை விடுவதில் தொடங்குங்கள். சாராயம் வடிப்பது, சாகே நொதிக்க வைத்துப் பிழிவது. கோஜி என்ற பூஞ்சை அரிசியின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். அதே தொட்டியில், அதே நேரத்தில் ஈஸ்ட் அதை ஆல்கஹாலாக்கும். அதனால்தான் வடிக்காமலே 18 முதல் 20 சதவீதம் வரை ஏறுகிறது. பெரும்பாலும் தண்ணீர் சேர்த்து 15, 16க்கு இறக்குவார்கள். இதைத் தடுமாறாமல் இரண்டு நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். உணவகக்காரர் முதலில் கேட்பது இதைத்தான்.

கேள்வி: எந்தச் சான்றிதழ் படிக்கலாம்? ஜப்பானிய மொழி தெரியாது.

பதில்: லண்டனைச் சேர்ந்த மதுபானக் கல்வி அமைப்பான டபிள்யூ.எஸ்.இ.டி.யின் சாகே படிப்பில் மூன்று நிலைகள் உண்டு. மூன்றாம் நிலையில் எழுத்துத் தேர்வோடு, லேபிளை மறைத்துச் சுவைக்கும் தேர்வும் இருக்கிறது. இறக்குமதி, பயிற்சிப் பக்கம் போகிறவர்களுக்கு இது நல்லது. உணவகப் பரிமாறல் என்றால், ஜப்பானின் சாகே பரிமாறல் பயிற்சி அமைப்பான எஸ்.எஸ்.ஐ. நடத்தும் சர்வதேச கிகிசாகேஷி (சாகே பரிமாறும் வல்லுநர்) சான்றிதழ். இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதலாம். ஆனால் சாகே ஆலைக்காரர்களோடு நேரடியாகப் பேரம் பேச ஜப்பானிய மொழி வேண்டும். சான்றிதழ் அதை ஈடுகட்டாது.

கேள்வி: அண்ணா, டைகின்ஜோதான் உயர்ந்தது என்கிறார்களே, அதையே தள்ளினால் போதாதா?

பதில்: போதாது. டைகின்ஜோ என்றால் அரிசியைத் தீட்டித் தீட்டி, 50 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ மிச்சம் வைத்தது. அதற்கு அடுத்த வகையான கின்ஜோவுக்கு 60. வெளிப்புறத்துக் கொழுப்பும் புரதமும் போவதால் பழ வாசனை தெளிவாக எழும். ஆனால் சுட்ட இறைச்சிக்குப் பக்கத்தில் அந்த வாசனை காணாமல் போய்விடும். அங்கே புளிப்பு தூக்கலான, கிமோட்டோ என்ற பழைய முறையில் செய்த ஜுன்மாயை (தனியாக ஆல்கஹால் சேர்க்காத சாகே) சூடாக்கிக் கொடுங்கள். சுவை நிகழ்ச்சி நடத்தினால், ஒரே ஜுன்மாயை 10, 20, 45 டிகிரியில் மூன்று கிண்ணங்களில் வையுங்கள். கிண்ணத்துக்கு 30 மி.லி. என்றால் 720 மி.லி. பாட்டிலில் 24 ஊற்று, அதாவது 8 பேர். மைக்ரோவேவ் வேண்டாம், மேலே கொதித்துக் கீழே குளிரும். அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரில் ஜாடியை நிறுத்தி, வெப்பமானி வைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஜப்பானில் அருமையாக இருந்த சாகே, இங்கே இறக்கியதும் ஊறுகாய் வாடை அடிக்கிறது. ஏன்?

பதில்: அதன் பெயர் ஹினேகா. வெப்பத்தில் கிடந்தால் கந்தகச் சேர்மங்கள் உருவாகி, பழைய ஊறுகாய் மாதிரி நாறும். சாதாரண சாகேயைக் கெடாமலிருக்கச் சுமார் 65 டிகிரியில் இரண்டு முறை சிறிது நேரம் சூடாக்கித்தான் அனுப்புகிறார்கள். ஆனாலும் வெயிலில் நிற்கும் கன்டெய்னரை அது தாங்காது. சூடாக்காத நமாசாகே இன்னும் மோசம். ஆலையிலிருந்து மேசை வரை 5 டிகிரிக்குள்ளேயே இருக்க வேண்டும். கப்பலில் குளிர்பதன கன்டெய்னர் கேளுங்கள்; துறைமுகக் கிடங்கில் எத்தனை நாள் கிடக்கும், அங்கே மின்இணைப்பு தருவார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் கெடுவது அங்கேதான். அடுத்தது வெளிச்சம்: கடைக்காரர் அழகுக்காகக் கண்ணாடி அலமாரியில் விளக்கடியில் வைப்பார். அட்டைப்பெட்டியோடு வைக்கச் சொல்லுங்கள். லேபிளில் உள்ள மாதம் காலாவதித் தேதி அல்ல என்பதையும் அவருக்குப் புரிய வையுங்கள்.

கேள்வி: ஆலைகளைப் பார்க்க எப்போது போகலாம்?

பதில்: அக்டோபர் முதல் மார்ச் வரை சாகே தயாரிக்கும் காலம், வேலையை நேரில் பார்க்கலாம், ஆனால் அவர்களுக்கு நேரம் இருக்காது. எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள். அன்று காலை நாட்டோ (நொதித்த சோயா) சாப்பிடக் கூடாது. அதிலுள்ள பாக்டீரியா கோஜியைக் கெடுத்துவிடும். வாசனைத் திரவியமும் வேண்டாம்.

கேள்வி: ஜப்பானில் நானே ஆலை தொடங்க முடியுமா?

பதில்: உள்நாட்டில் விற்கும் சாகேக்குப் புதிய உரிமம் நடைமுறையில் கிடைப்பதில்லை, ஆண்டுக்கு 60 கிலோலிட்டர் என்ற குறைந்தபட்ச உற்பத்தி அளவும் உண்டு. 2021 முதல் ஏற்றுமதிக்கு மட்டும் என்று தனி உரிமம் தருகிறார்கள். அதற்கு அந்த அளவு கிடையாது. அந்தச் சாகேயை ஜப்பானுக்குள் விற்க முடியாது. ஆகவே வாங்குகிறவரை வெளிநாட்டில் உறுதி செய்த பிறகு விண்ணப்பியுங்கள்.