தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோமுக்கு ஆபரேஷன் செய்தால் முழுக்கக் குணமாகுமா?

கழுத்துக்கும் தோளுக்கும் இடையே, கைக்குப் போகும் நரம்போ ரத்தக்குழாயோ நசுங்குவதுதான் இந்த நோய். குணமாவது, எது நசுங்குகிறது என்பதைப் பொறுத்தது. காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே ரத்தக்குழாய் நசுங்கியிருந்தால், விலாவை எடுத்தபின் பலன் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சிரையில் ரத்தம் உறைந்து கை வீங்கியவர்கள் தாமதிக்கக்கூடாது. முதல் 2 வாரத்துக்குள் உறைவைக் கரைத்தால்தான் குழாய் நன்றாகத் திறக்கும்.

ஆனால் 90 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு இருப்பது நரம்பு வகை. இங்கேதான் முடிவுகள் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. பலருக்கு வலி நன்றாகக் குறைகிறது. சுத்தமாகப் போய்விடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். பல வருடமாக வலி இருப்பவர்கள், கழுத்து டிஸ்க் பிரச்சினையும் சேர்ந்தவர்கள், மனச்சோர்வு உள்ளவர்கள் ஆகியோருக்குப் பலன் குறைவு. கட்டைவிரல் அடிச்சதை ஏற்கெனவே வற்றி, சட்டைப் பொத்தான் போடவே கை தடுமாறுகிறதென்றால், வலி குறைந்தாலும் அந்தச் சதை பெரும்பாலும் திரும்பி வராது.

ஒரு சோதனையைக் கேட்டு வாங்குங்கள்: கழுத்தின் ஸ்கேலீன் தசையில் மரப்பு ஊசி. அதில் சில மணி நேரமாவது வலி விட்டால், ஆபரேஷன் கைகொடுக்க வாய்ப்பு அதிகம். ஆபரேஷனுக்கு முன் சில மாத பிசியோதெரபி கட்டாயம். அதிலேயே தேறியவர்கள் நிறைய.

நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது, உதரவிதான நரம்பு பாதிப்பு போன்ற அபாயங்களும் உண்டு. வலி திரும்பினால் பெரும்பாலும் முதல் 2 வருடத்துக்குள்தான். தழும்புத் திசுவோ, மிச்சம் விட்ட விலாத் துண்டோ காரணமாகலாம். அதனால் இதை அடிக்கடி செய்யும் சர்ஜனையே தேடுங்கள்.